பதினேழு புழு

செடியின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, பருத்திக் காயை மெல்லத் திருப்பிப் பார்க்கிறார் பழனியாத்தாள். காயில் ஓட்டை தெரிந்தால் உள்ளே புழு. “இருக்கறான் பாவி” என்று முணுமுணுத்து ஒரு விரலை மடக்குவார். இருபது செடி முடியும்வரை பேச்சில்லை. நடுவில் யாராவது கூப்பிட்டால் முதல் செடிக்கே திரும்பிப் போய்விடுவார். ஒரு காலையில் மூன்று முறை அப்படித் திரும்பினார். மூன்றாவது முறை கூப்பிட்டது நான். வாங்கிய வசவை இங்கே எழுத முடியாது.

அன்னூர்ப் பக்கம் ஒரு பூச்சிமருந்துக் கம்பெனியின் சோதனைப் பண்ணையில் ஒன்பது வருடம் அவருக்கு இதே வேலை. அவர் எண்ணிச் சொல்ல, அதிகாரி கிருபாசங்கர் நோட்டில் எழுதுவார். பழனியாத்தாள் பள்ளிக்கூடம் போனதில்லை. பஸ் நம்பர் பார்த்துப் பார்த்து எண்களை மட்டும் படிக்கப் பழகியிருந்தார். கிருபாசங்கருக்கு அது தெரியாது.

போன வருடம், தொண்ணூற்றேழு கார்த்திகையில், புது மருந்து அடித்த பாத்தியில் பதினேழு புழு. மருந்தே அடிக்காத பாத்தியில் பதினெட்டு. புது மருந்துக்கு நேரே கிருபாசங்கர் எழுதியது மூன்று.

“ஏனுங்க சார், பதினேழுன்னு சொன்னனுங்க.”

“அது சராசரிக் கணக்கும்மா. உனக்குப் புரியாது.”

“சராசரி எனக்குத் தெரியாதுங்க. மூணு தெரியுமுங்க.”

அடுத்த வாரம் பண்ணையில் விவசாயிகள் கூட்டம். பந்தல், கேசரி, டீ. பெரிய போர்டில் அதே மூன்று. மருந்தின் பெருமையை கிருபாசங்கர் மைக்கில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பழனியாத்தாள் அந்தப் பாத்திக்குள் இறங்கி, மடி நிறையக் காய் பறித்து வந்து மேசையில் கொட்டினார். ஒவ்வொன்றாகப் பிளந்து வைத்தார். வெள்ளை விரிப்பில் புழுக்கள் நெளிந்தன.

“இந்த மருந்தத்தானுங்க நீங்க வாங்கி அடிக்கப்போறீங்க. எண்ணிப் பாருங்க.”

வேறு பாத்திக் காய் என்று கிருபாசங்கர் சிரித்துச் சமாளித்தார். பாதிப் பேர் அதை நம்பினார்கள். மறுநாள் பழனியாத்தாளுக்கு வேலை இல்லை.

நம்பியவர்களில் மாரப்பனும் ஒருவர். நாலு ஏக்கருக்கும் அந்த மருந்தை ஐந்து முறை அடித்தார். தையில் வெள்ளாடுகளைப் பருத்திக் காட்டுக்குள் ஓட்டிவிட்டார். பறிக்க ஒன்றும் இல்லை. அன்றைக்குப் பழனியாத்தாள் வேலியோரம் நின்று உரக்கவே ஏசினார், மாரப்பனை அல்ல. “படிச்ச கையில எழுதறாங்க. திங்கற சோத்துல மண்ணப் போட்டுப்போட்டு, சராசரியாமா.”

இந்த வருடம் மாரப்பன் அவர் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டார். இப்போது வாரம் ஒருநாள் அந்தக் காட்டில் பழனியாத்தாள் எண்ணிச் சொன்ன பிறகுதான், மருந்து வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சே.

போன வாரம் நான் அங்கிருந்தபோது கிருபாசங்கரின் ஜீப் வந்து நின்றது.

“எண்ணத் தெரிஞ்ச ஆளே இல்லம்மா. பழசெல்லாம் மறந்துட்டு வேலைக்கு வந்துரு.”

“அந்த மருந்து இன்னும் விக்குதுங்களா?”

கிருபாசங்கர் ஜீப்பின் பக்கம் பார்த்தார்.

பழனியாத்தாள் எழுந்து போய், அவர் முகத்துக்கு நேராக வேலிப் படலைச் சாத்தி, கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினார்.