நொண்டிப் பாத்தி

உப்பளத்தில் பாத்தி மிதிப்பது என்று ஒரு வேலை உண்டு. மழையெல்லாம் ஓய்ந்து தை பிறந்ததும் செய்வார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்தி முழுக்கச் சேறாகிக் கிடக்கும். அந்தச் சேற்றைக் குதிகாலால் மிதித்து மிதித்துத் தரையை இறுக்க வேண்டும். இறுகினால்தான் உப்புத்தண்ணி நிற்கும். இறுகாத இடத்தில் தண்ணி பூமிக்குள் போய்விடும். அப்புறம் உப்பு எங்கே விளையும்?

தனி ஆளாக மிதிக்க முடியாது. இந்த வரப்பிலிருந்து அந்த வரப்பு வரைக்கும் ஆட்கள் தோளோடு தோள் சேர்ந்து, கையோடு கை கோத்து நிற்பார்கள். மேஸ்திரி எதிரே நின்று குரல் கொடுப்பார். எல்லோரும் ஒரே நேரத்தில் குதிகாலை இறக்குவார்கள். கொஞ்சம் நகர்வார்கள். மறுபடி குதிகால். வரிசையில் ஓர் ஆள் குறைந்தால் அந்த அகலத்துக்கு ஒரு பட்டை மிதிபடாமல் நிற்கும். ஒருத்தர் கால் தப்பினால் பக்கத்தில் இருப்பவர் காலும் தப்பும்.

அதனால் நொண்டியை வரிசையில் விட மாட்டார்கள்.

அந்த நொண்டி நான்தான்.

நடக்கப் பழகின வயசில் எனக்குக் காய்ச்சல் வந்ததாம். போகும்போது இடது காலின் பலத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. கால் இருந்தது, சதை இல்லை. இடது கையை இடது முட்டியில் ஊன்றி ஊன்றித்தான் நடப்பேன். ஞானஸ்நானத்தில் எனக்கு வைத்த பேர் ஆரோக்கியமேரி. சாமியார் காய்ச்சலுக்கு முன்னாலேயே வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. தெருவில் என் பேர் நொண்டி. அளத்திலும் நொண்டி. வீட்டில் 'அது'. பள்ளிக்கூடம் மூணாம் வகுப்போடு நின்றுபோனது. பெரிய வகுப்புக்கு மெயின் ரோட்டைத் தாண்டி மரக்காணத்துக்குள் போக வேண்டும். அவ்வளவு தூரம் கை ஊன்றி நடக்க முடியவில்லை.

எங்கள் தெருவுக்கு லைட்டுக் கம்பம் நட்ட வருஷம் அது. எழுபத்தைந்தோ ஆறோ. எனக்குப் பத்து வயசு இருக்கும். பாண்டிச்சேரிப் பக்கம் ஒரு விடுதி இருந்தது. என்னைப் போன்ற பிள்ளைகளை வைத்துக்கொள்வார்கள். மூணு வேளை சோறு, தையல் வேலை. அங்கிருந்து ஒரு சிஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பேசினார். நல்ல சிஸ்டர். என் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ளாதவர்.

அத்தைதான் முதலில் தலையாட்டினாள். அத்தை என்றால் அப்பாவுக்கு அக்கா. புருஷன் செத்த பிறகு எங்களோடு இருந்தாள். வாய் கொஞ்சம் பெரிசு.

"அனுப்பிடு தம்பி. இங்க இருந்து இது என்னா பண்ணப் போவுது? நாளைக்கு நீ இல்ல, நான் இல்லன்னா எவ வாசல்ல போய் நிக்கும்?"

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பா என் காலையும் சிஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில், "அளத்துல அதுக்கு என்னா வேலை இருக்குது? போவட்டும்" என்றார். அடுத்த ஞாயிறு பூசைக்கு வருவதாகவும், பூசை முடிந்ததும் அழைத்துப் போவதாகவும் சிஸ்டர் சொல்லிவிட்டுப் போனார்.

நான் அழவில்லை. அழுதால் காலை நினைத்து அழுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்குப் போக இஷ்டமில்லை, அவ்வளவுதான். வேலை இருந்தால் வீட்டில் இருக்கலாம், வேலை இல்லையென்றால் போக வேண்டியதுதான் என்பது அப்போது எனக்கு நியாயமாகவே பட்டது. அதனால் வேலை தேடினேன். மண் கூடையைத் தூக்கிப் பார்த்தேன். கூடை விழுந்தது. உப்பு வாரும் பலகையை இழுத்துப் பார்த்தேன். நான் விழுந்தேன்.

அந்த வாரம் நடுவில் எங்கள் பாத்தியில் மிதி. எங்கள் பாத்தி என்றால் சொந்தம் இல்லை. அளம் வேறு ஒருத்தருடையது. உழைப்பு எங்களுடையது. மாமாதான் மேஸ்திரி. அம்மாவின் தம்பி. பெண்கள் வரிசைக்கு நின்ற பிறகு பார்த்தால் ஓர் ஆள் குறைந்தது. கிளியனூர்க்காரப் பெண் ஒருத்தி, தாய்க்கு உடம்பு முடியவில்லை என்று விடிந்ததும் பஸ் ஏறிவிட்டாளாம்.

"நாளைக்கு மிதிச்சிக்கலாமே" என்றார் அப்பா. அவர் மண்வெட்டியால் வரப்புக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். அவர் மிதிக்க இறங்கினால் வரப்பு வேலை நின்றுவிடும்.

"நாளைக்கா? இந்த வெயிலுக்கு மத்தியானத்துக்குள்ள சேறு வெடிச்சிடும்" என்றார் மாமா.

நான் கஞ்சிப் பானைக்குக் காவலாக வரப்பில் உட்கார்ந்திருந்தேன். அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"எம்பொண்ணு இருக்குது."

"யக்கா, விளையாடுற நேரமா இது?"

"கால் ரெண்டு இருக்குதில்ல? நில்லுன்னா நிக்கும்."

"நிக்கும். நடக்குமா?" என்றாள் அத்தை. "முட்டியில கை வெக்காம அது ஒரு அடி எடுத்து வெச்சுப் பாத்திருக்கியா? கைய கோத்துட்டா முட்டியில எந்தக் கைய வெக்கும்? உன் கையையா?"

"ஆமா. என் கையைத்தான்."

அம்மா அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. மாமா சூரியனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எறங்கித் தொலை."

இறங்கினேன். வலது பக்கம் அம்மா. இடது பக்கம் அத்தை. விழுந்தால் தன் மேல்தான் விழும் என்று சொல்லிக்கொண்டேதான் அத்தை கையைக் கொடுத்தாள். அத்தைக்கு அந்தப் பக்கம் கூனிமேட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அக்கா. சேறு கணுக்கால் வரை சில்லென்று இருந்தது.

"போடு!" என்றார் மாமா.

வலது குதிகாலைப் போட்டேன். சரியாகப் போட்டேன்.

"போடு!"

இடது கால். ஊன்றிக்கொள்ளக் கை இல்லை. முட்டி மடங்கியது. உடம்பு அப்படியே இடது பக்கம் சரிந்தது. அத்தையைப் பிடித்துக்கொண்டு சரிந்தேன். அத்தை அக்காவைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். அம்மா என்னை இழுத்தாள், சேறு அவளை இழுத்தது. கண் மூடித் திறப்பதற்குள் பாதி வரிசை பாத்தியில் கிடந்தது.

"ஏம்பா மேஸ்திரி," என்றாள் கூனிமேட்டு அக்கா, படுத்தபடியே. "மிதிக்கச் சொன்னியா, பொரளச் சொன்னியா?"

சிலர் சிரித்தார்கள். சிலர் புடவையைப் பார்த்துக்கொண்டு திட்டினார்கள். மாமா தலையில் கையை வைத்துக்கொண்டார். அப்பா மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு வரப்போரம் வந்தார்.

"போதும். மேல வா."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் ஒருவேளை போயிருப்பேன். மேலே போனால் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுவதுதான் என்று எனக்குத் தெரிந்தது. நான் எழுந்திருக்கவில்லை. சேற்றில் உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் இரண்டு பக்கமும் நீட்டினேன். கோத்துக்கொள்ளுங்கள் என்பது மாதிரி.

வலது கையை அம்மா உடனே பிடித்துக்கொண்டாள். இடது கை அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது. அத்தை முந்தானையால் முகத்துச் சேற்றைத் துடைத்தாள். கழுத்தைத் துடைத்தாள். காதைத் துடைத்தாள். கை வலிக்க ஆரம்பித்தது. இறக்கவில்லை.

"மூஞ்சியப் பாரு" என்றாள் அத்தை. பிறகு கையைப் பிடித்துத் தூக்கினாள். "இறுக்கிப் புடிடி. வழுக்குது."

வரிசை மறுபடி கூடியது. மாமா குரல் கொடுத்தார். வலது கால், சரி. இடது கால் வந்ததும் சரிந்தேன். ஆனால் இந்தத் தடவை விழவில்லை. நான் சரிந்தபோது அத்தையும் சரிந்தாள். அவள் சரிந்ததில் அக்கா சரிந்தாள். எழுந்தோம். வலது கால். மறுபடி சரிந்தோம். எழுந்தோம். அந்தப் பக்கத்து வரப்பு வரைக்கும் ஒவ்வொரு தலையாக இறங்கி ஏறுவது தெரிந்தது.

"அய்யய்யோ, எனக்கும் வந்துடுச்சிடி!" என்று கத்தினாள் கூனிமேட்டு அக்கா.

"ஏய், எவ மிதிய மாத்தினது?" என்றார் மாமா. மாமா தன் பழைய தாளத்திலேயே "போடு, போடு" என்று கத்திப் பார்த்தார். வரிசை அவர் பேச்சைக் கேட்கவில்லை. அக்கா எங்கள் தாளத்துக்குச் சொந்தமாக ஒரு குரல் எடுத்தாள். "போடு... சாயி! போடு... சாயி!" அம்மாவுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் இந்த வரப்பிலிருந்து அந்த வரப்பு வரைக்கும் அத்தனை பேரும் நொண்டினார்கள். கெட்டிக் கால் வைத்திருந்தவர்கள், ஆறு பிள்ளை பெற்றவர்கள், எல்லோரும்.

பக்கத்து அளத்து ஆண்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து பார்த்தார்கள்.

"என்னா மேஸ்திரி, மொத்தப் பேருக்கும் சுளுக்கா?"

"போயி உன் பாத்தியப் பாருடா!" என்று மாமா அவர்களை விரட்டினார். விரட்டிவிட்டுத் திரும்பும்போது, "போடு... சாயி!" என்றார்.

வழக்கமாகப் பாத்தியை இரண்டு தடவை மிதிப்பார்கள். மாமா சந்தேகப்பட்டு மூன்றாவது தடவையும் மிதிக்க வைத்தார். முடிந்தபோது என் குதிகால் வெடித்து, வெடிப்பில் உப்பு எரிந்தது. அந்த எரிச்சலை யார் கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடித்தேன். எதிரில் அத்தை உட்கார்ந்திருந்தாள். அவளை நேராகப் பார்த்துக் குடித்தேன்.

ஆனால் மிதித்தது போதாது. தண்ணி நிற்க வேண்டும். பாத்தியை வெயிலில் இறுகவிட்டு, சனிக்கிழமை எங்கள் பாத்திக்கும் பக்கத்துப் பாத்திக்கும் ஒரே நேரத்தில் தண்ணி கட்டினார்கள். ஞாயிறு விடிந்ததும், பூசைக்கு மணி அடிக்கும் முன்னால், அப்பா அளத்துக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, காத்திருக்கவும் இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது பக்கத்துப் பாத்தியில் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலில் ஈரம் ஏறின இடத்தைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு எங்கள் பாத்திக்கு வந்தார். விரலை விட்டார்.

தண்ணி அதே இடத்தில் நின்றது.

அப்பா கையை உதறினார். பாத்தியின் நாலு மூலைக்கும் நடந்துபோய் நாலு மூலையிலும் விரலை விட்டுப் பார்த்தார். திரும்பி வந்து, "ம்" என்றார். என்னை விட்டுவிட்டு முன்னால் போகவில்லை. என் நடைக்கு நடந்தார்.

பூசை முடிந்து சிஸ்டர் கோயில் வாசலில் நின்றார். கையில் எனக்காக ஒரு புதுத் துண்டு கூடக் கொண்டுவந்திருந்தார்.

"இல்லீங்க சிஸ்டர்," என்றார் அப்பா. "அளத்துல அதுக்கு வேலை இருக்குது."

சிஸ்டர் நம்பவில்லை. குனிந்து என்னிடம் கேட்டார். "என்னம்மா வேலை?"

"பாத்தி மிதிக்கிறது, சிஸ்டர்."

அவர் என் காலைப் பார்த்தார். "எப்படிம்மா மிதிப்பே?"

"எல்லாரும் என்னை மாதிரியே மிதிப்பாங்க."

துண்டை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

பங்குனியில் அந்தப் பாத்தியில் உப்பு விளைந்தது. மற்றப் பாத்தி உப்பு மாதிரியேதான் இருந்தது. வெள்ளையாக, கரிப்பாக. ஆனால் அதற்கு ஒரு பேர் வந்துவிட்டது. "நொண்டிப் பாத்தியில வாரியாச்சா?" "நொண்டிக்குத் தண்ணி விட்டாச்சா?" என்று கேட்டுக்கொள்வார்கள். நொண்டி என்றால் பாத்தியா நானா என்று ஆட்களுக்குக் குழப்பமாகிவிட்டது. வேறு வழியில்லாமல் என்னை ஆரோக்கியம் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தையிலும் மிதித்தேன். நான் நிற்கும் வரிசைக்கு எங்கள் பக்கத்தில் தனித் தாளமே உண்டு. புதிதாக வரும் ஆளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்துத்தான் இறக்குவார்கள். நான் பெரிய ஆளான பிறகு, சின்னப் பிள்ளைகள் எனக்குப் பக்கத்தில் கை கோத்து நிற்கும் காலமும் வந்தது. அப்போதுதான் ஒன்று தெரிந்தது. பத்து வயசுப் பிள்ளை சாயும் என்று தெரிந்து நிற்கும் பெரிய ஆளுக்கு, அது எவ்வளவு சாய்ந்தாலும் தோள்தான் ஆடும். காலைக் கெட்டியாக ஊன்றிக்கொண்டு தன் மிதியை மிதித்துக்கொண்டே போகலாம். மிதி மாற வேண்டும் என்றால், அந்த ஆள் தானாக மாற்ற வேண்டும்.

அன்றைக்கு முதலில் மாற்றியது அம்மா இல்லை. நான் விழாமல் தூக்கிப் பிடிப்பதே அவளுக்குச் சரியாக இருந்தது. சாய்வு ஆரம்பித்தது எனக்கு இடது பக்கத்தில்.

அத்தைக்கு வயசாகிப் படுத்திருந்தபோது ஒருநாள் கேட்டேன். "அத்தே, அன்னிக்கு நீதானே மொதல்ல மிதிய மாத்தினே?"

"அடிப்போடி," என்றாள். "உங்கூட நின்னா எவளுக்குத்தான் நொண்டாது?" சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அன்றைக்கு நான் வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடித்தபோது, ஜெயித்தது அத்தையை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.