ஆள் இல்லாத வாக்கியம்

என் தங்கச்சி பல் செட் செய்கிறவள். பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவள் மெழுகில் ஈறு கட்டி, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, முழுச் சிரிப்பாகத் திருப்பி அனுப்புவாள். அவள் வேலை செய்கிற மேஜைக்கு மேலே அலமாரி முழுக்க பிளாஸ்டர் தாடைகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். "இத்தனை வாய் இருக்கு, ஒண்ணுகூட எதிர்த்துப் பேசறதில்லக்கா. அதான் இந்த வேலை எனக்குப் பிடிச்சிருக்கு" என்பாள். எதிர்த்துப் பேசுகிற வாய்கள் அவளுக்கு வேறு இடத்தில் நிறைய இருக்கின்றன.

அது இணையத்தில். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறதே, அதில் திருநங்கைகள், திருநம்பிகள் பற்றிய பக்கங்களை இவள் பார்த்துக்கொள்கிறாள். யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. அவளும் ஒரு திருநங்கை. எங்களிடம் வாய் திறப்பதற்கு முன்னால், தன்னைப் போன்றவர்களை உலகம் என்ன சொல்கிறது என்று அங்கேதான் போய்த் தேடியிருக்கிறாள். முதல் வரியிலேயே "குறைபாடு" என்று இருந்ததாம். அழித்தாள். யாரோ திரும்பப் போட்டார்கள். மறுபடி அழித்தாள், மறுபடி போட்டார்கள். அப்புறம் உட்கார்ந்து, அப்படிச் சொல்லக்கூடாது என்று மருத்துவர்களே எழுதியிருந்ததைத் தேடிப் பிடித்து, அடிக்குறிப்பில் போட்டுவிட்டு அழித்தாள். அந்தச் சொல் இன்றுவரை அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

"கோபப்பட்டா பக்கம் மாறாதுக்கா. ஆதாரம் குடுத்தா மாறும்."

எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. நானாக இருந்தால் விளக்குமாற்றோடு போயிருப்பேன்.

அங்கே அவளுக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. யாருடைய வாழ்க்கையை எழுதினாலும் 'அவர்'தான். பிறந்தார், படித்தார், வென்றார். ஆணா பெண்ணா என்று வினைச்சொல் போட்டுக்கொடுக்காது. "தமிழ் நமக்குத் துண்டு போட்டு இடம் பிடிச்சு வச்சிருக்கு" என்று சிரிப்பாள்.

ஆனால் வீட்டில் அவளுக்கு அந்த மரியாதை வேண்டாம். அப்பா வாயால் "வந்தா, போனா, தூங்கறா" என்று ஒரே ஒரு தடவை கேட்டால் போதும். என்னைப் பற்றி அப்பா அப்படித்தானே பேசுகிறார்? அம்மா கொஞ்ச நாள் 'டா'வுக்கும் 'டி'க்கும் நடுவில் தடுக்கி விழுந்தாள், பிறகு எழுந்து நின்றுவிட்டாள். அப்பாதான் நழுவினார்.

அப்பா கெட்டவர் இல்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷனுக்காக இவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பழம் உரித்துக் கொடுத்தவர் அவர்தான். நேரில் பேசும்போது சிக்கலும் இல்லை. 'நீ' என்பதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. அடுத்தவரிடம் இவளைப் பற்றிப் பேச வேண்டி வந்தால்தான் வித்தை ஆரம்பிக்கும். "சின்னது கிளம்பியாச்சு." "சாப்பாடு ஆச்சு." "வேலைக்குப் போயிருக்கு, வர நேரமாகும்." ஆயுள் முழுக்க பஸ் ஓட்டியவர், எந்தச் சந்திலும் இடிக்காமல் திருப்புவார். பேச்சிலும் அப்படித்தான். வருஷக்கணக்காகக் கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக இருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தங்கச்சிதான், "விடுக்கா, அவருக்கு எந்த ஆதாரத்தைக் காட்டறது?" என்பாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகத்தில் தெம்பு இருக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை நான் அப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் தங்கச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். நீச்சல் சொல்லித்தருகிற ஒரு திருநங்கையைப் பற்றி அவள் எழுதிய பக்கத்தில் யாரோ ஒரு புண்ணியவான் புகுந்து, 'ார்' என்று வருகிற இடத்திலெல்லாம் ஒரே தட்டில் 'ான்' என்று மாற்றிவிட்டிருக்கிறான். அவமானப்படுத்துகிறானாம். 'வென்றார்' எல்லாம் 'வென்றான்' ஆனது சரி. கூடவே மார்ச் மாதம் 'மான்ச்' மாதமாகி, பார்வை 'பான்வை'யாகி, "ஊரான் அனைவரும் போட்டியைப் பான்த்தான்கள்" என்று நின்றது.

அப்பா பேப்பரை மடித்துவிட்டு எழுந்து வந்தார். "எங்க, படி?" படித்தாள். அப்பாவும் சிரித்தார். "பான்த்தான்களா! தப்புப் பண்றதையாவது ஒழுங்கா பண்ண வேண்டாமா?" தங்கச்சி ஒரு பொத்தானை அழுத்தி எல்லாவற்றையும் பழையபடி ஆக்கினாள். திட்டுகிறவனைத் திருத்துவது அவ்வளவு சுலபம்.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் பக்கம் மறுபடி மாறியிருந்தது. இந்தத் தடவை வேறொருவர், நல்ல மனிதர், அங்கே பல வருஷமாக எழுதுகிறவர். சண்டையே வேண்டாம் என்று நினைத்து வாக்கியங்களை எல்லாம் புரட்டிப் போட்டிருந்தார். "பயிற்சி அளிக்கப்பட்டது. பதக்கம் பெறப்பட்டது. தற்போது ஓய்வு." தங்கச்சி சிரிக்கவில்லை.

அப்பா அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். "நல்லாத்தானே இருக்கு? யார் மனசும் நோகாம எழுதியிருக்கார். சண்டை இல்ல பாரு."

"சண்டை இல்லப்பா" என்றாள், திரையைப் பார்த்தபடியே. "ஆளும் இல்ல. பதக்கம் பெறப்பட்டதுன்னா யார் வாங்கினது? காத்தா வாங்கிச்சு? அந்த இன்னொருத்தன் அசிங்கமா எழுதினான், ஆனா ஒரு ஆள் இருக்குன்னு ஒத்துக்கிட்டான். இவர் ரொம்ப நல்லவர், ஆளையே காணாமப் பண்ணிட்டார்."

சத்தியமாக அவள் கலைக்களஞ்சியத்தைத்தான் சொன்னாள். எனக்குத்தான் தூக்கிவாரிப்போட்டது. அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றினார். தங்கச்சி அந்த மனிதருக்கு எழுத ஆரம்பித்தாள்: "ஐயா, உங்கள் நல்லெண்ணம் புரிகிறது. ஆனால் வாக்கியத்தில் எழுவாயாக ஓர் ஆள் வேண்டும்."

அப்போது அப்பாவின் போன் அடித்தது. அத்தை, அப்பாவின் அக்கா. காது மந்தம் என்பதால் அத்தையும் கத்துவாள், அவளிடம் பேசுகிறவரும் கத்த வேண்டும். இந்தப் பக்கம் நாங்கள் எல்லோரும் கேட்கலாம்.

"எல்லாரும் கோயிலுக்குப் போறோம், நீங்களும் வாங்கடா. சின்னது என்ன பண்ணுது?"

அப்பா வாயைத் திறந்தார், மூடினார். எந்தச் சந்தில் திருப்பப்போகிறார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திருப்பவில்லை.

"வர முடியாதுக்கா. அவ வேலையா இருக்கா."

"என்னது?"

"வேலையா இருக்கா! யாரோ ஒருத்தர் ஆளே இல்லாம எழுதி வச்சிருக்கார், உக்காந்து திருத்திக்கிட்டு இருக்கா!"

"யாரு திருத்தறது?"

"என் சின்னப் பொண்ணு!"

தட்டச்சுச் சத்தம் நின்றது. தங்கச்சி திரும்பவில்லை. அவள் பிடரி மட்டும் சிவந்திருந்தது. நான் அழுதேன், எனக்கென்ன வெட்கம்?

"யாருன்னே? சரியா கேக்கல!"

"பொண்ணுக்கா! என் பொண்ணு! சின்னவ!"

எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. தெரியட்டும். இந்த அத்தைக்கு மூன்றாவது தடவையும் காது கேட்காமல் போகவேண்டும் என்று நான் எல்லாத் தெய்வங்களையும் வேண்டிக்கொண்டேன்.