நான் தூங்கிப்போன ஜெப நேரம்

“உன் வாய்ல ‘வரேன் அத்த’ன்னு வந்தா, நீ வரமாட்டன்னு நான் எழுதி வச்சிக்கலாம்டி!”

எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத் தலைவி எஸ்தர் அத்தை, எல்லாருக்கும் முன்னால் என்னிடம் சொன்ன வார்த்தை இது. கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எரிந்தது.

கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்து, வெள்ளைக் கோட்டு போட்டு வேலைக்குப் போகிறேன். அதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குத் தலை நிமிரும். ஆனால் அந்த வேலையையே சாக்காகவும் வைத்திருந்தேன். ஞாயிறு பள்ளிக்கு வருவதாகச் சொல்வேன். “டூட்டி” என்று நின்றுவிடுவேன். யாராவது கண்ணீரோடு ஜெபிக்கச் சொன்னால், “கண்டிப்பா ஜெபிக்கிறேன்” என்பேன். தெருமுனை தாண்டுவதற்குள் மறந்துவிடுவேன்.

போன ஐப்பசியில் எஸ்தர் அத்தையின் மகள் ரூபி அக்காவுக்கு ஒன்பதாம் மாதம். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருந்ததால் திடீரென்று இரத்தப்போக்கு. செங்கல்பட்டில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சபையில் சங்கிலி ஜெபம் வைத்தோம். ஒவ்வொருவரும் அவரவர் வீட்டில் ஒரு மணி நேரம் ஜெபித்துவிட்டு, அடுத்தவருக்குப் போன் செய்து ஒப்படைக்க வேண்டும். என் நேரம் மதியம் இரண்டிலிருந்து மூன்று. முழங்கால் போட்டேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும், கட்டிலில் தலையைச் சாய்த்தேன். கண் விழித்தபோது மணி மூன்று பத்து. பதறிப்போய் அடுத்த அக்காவைக் கூப்பிட்டேன்.

“முடிச்சிட்டேன்கா, நீங்க ஆரம்பிங்க.”

படித்த வாயிலிருந்து பொய் எவ்வளவு சுலபமாக வந்தது!

அடுத்த ஞாயிறு ஆராதனையில் எஸ்தர் அத்தை எழுந்து நின்றார்கள். “ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுலதான் என் பொண்ணுக்கு ரத்தம் நின்னுச்சி. யாரு நேரம்னு பார்த்தா, நம்ம ரெபேக்கா! இந்தப் பொண்ண நான் இன்னா பேச்சு பேசிட்டேன்!”

சபையே கை தட்டியது. போதகர் ஐயா மைக்கை என்னிடம் நீட்டினார்.

மைக்கை வாங்கினேன். ‘ஆண்டவரே, உண்மையைச் சொல்லப் பெலன் தாரும்’ என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். வெகு நாளைக்குப் பிறகு நான் மனதாரச் செய்த ஜெபம் அதுதான். வாய் திறந்தது.

“நான் ஜெபிக்கல. தூங்கிட்டேன். ஆண்டவர்தான் தூங்கல.”

மைக்கை ஐயாவிடமே திருப்பிக் கொடுத்தேன்.

வெளியே வந்ததும் அத்தை என் கையைப் பிடித்தார்கள். “என் பொண்ணு உசுருடி அது! தூக்கம் கேட்டுச்சா உனக்கு?”

நான் அழுதேன். வியாழக்கிழமை ரூபி அக்காவுக்கு, குழந்தையை வெளியே எடுக்க ஆபரேஷன். ஓ நெகட்டிவ் இரத்தம் இன்னும் ஒரு யூனிட் கிடைக்கவில்லை என்று அன்றுதான் சபையில் அறிவித்திருந்தார்கள். என்னுடையதும் அதே வகை.

“நான் தரேன் அத்த.”

“உன்ன நம்பியா?” அத்தை என் கையை விட்டார்கள். “வேற ஆளும் கெடைக்கல. புதன்கெழம காலைல எட்டு மணிக்கு அங்க நிக்கணும். ரத்தம் இல்லன்னா டாக்டரம்மா கத்தி எடுக்க மாட்டாங்க.”

புதன்கிழமை மழை கொட்டியது. ஆறு மணிக்கே பஸ் ஸ்டாப்பில் நின்றேன். ஒரு பஸ்ஸும் வரவில்லை. ஏழு ஆகப்போகிறது. குடைக்குள் சத்தமாகவே ஜெபித்தேன். “ஆண்டவரே, என் பேருக்காக இல்ல. ரூபி அக்காவுக்காக என்னைக் கொண்டுபோய்ச் சேருங்க.”

நிமிர்ந்தால், மீன் ஏற்றிய சின்ன லோடு வண்டி ஒன்று முன்னால் நிற்கிறது.

“இன்னா தங்கச்சி, பஸ்ஸுக்கா நிக்கிற? அது வழில பிரேக்டவுனாகிக் கீது. நான் செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குப் போய்கினு கீறேன். நாத்தம் தாங்குவன்னா ஏறு.”

எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினேன். அங்கேயே காத்திருந்த அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். “ஐயே, கவிச்சி! எந்தக் கூடைலடி படுத்துகினு வந்த?” சொல்லிக்கொண்டே என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

மறுநாள் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். ஆண்டவருக்கே எல்லா மகிமையும்!

நான் தூங்கியபோது அவர் எங்களைக் கைவிடவில்லை. அந்த அன்புதான் என்னை மாற்றியது. இப்போது யாராவது ஜெபிக்கச் சொன்னால், கடைவீதியானாலும் நின்ற இடத்திலேயே ஜெபித்துவிடுகிறேன். ஒப்புக்கொண்ட இடத்துக்கு முதலில் போய் நிற்பது இத்தனை சந்தோஷம் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை! இதை வாசிக்கிற சகோதரியே, சகோதரனே, உங்கள் வார்த்தையை இனி யாரும் நம்பமாட்டார்கள் என்று நினைக்கிறீர்களா? நடந்ததை நடந்தபடியே அவரிடம் சொல்லுங்கள். அவர் உங்களைத் தள்ளமாட்டார். இன்னொரு பொறுப்பைத் தருவார். அதைச் செய்து முடிக்க வழியும் காட்டுவார்.

அதே ஆஸ்பத்திரியில், அவசரத்துக்கு இரத்தம் கொடுப்பவர்கள் பட்டியலில் என் பெயரையும் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்திருந்தேன். இன்று காலை கூப்பிட்டார்கள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். ஊசி குத்திய இடத்தில் ஒட்டிய பஞ்சை இன்னும் எடுக்கவில்லை.