பானெட்டில் உட்கார மறுத்தவள்

சிவபாக்கியம் எந்த லாரிக்காரனோடும் ஓடிப்போகவில்லை. குழாயடியில் எங்கள் ஊர்ப் பொன்னுத்தாய் கதை அளந்ததைக் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன், நான் சொல்லச் சொல்ல விடாமல் எழுதிக்கொள். அவள் ஒட்டன்சத்திரம் சந்தையில் ஒரு காய்கறி மண்டிக்கு வண்டி ஓட்டுகிறாள். அவளுடைய மாமியார் நான். நானே அவள் பக்கம் நிற்கிறேன் என்றால் ஊர் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

எங்கள் வீட்டுப் பழைய டிராக்டர் அவள் அப்பா சீராகக் கொடுத்தது. கல்யாணமாகி எங்கள் மலையூர் கவுஞ்சிக்கு வந்த மறுவாரமே அதில் ஏறி உட்கார்ந்தாள். பொம்பளை ஓட்டுவதா என்று சிரித்தவர்கள் எல்லாம் பிறகு உழவுக்கு அவளைத்தான் கூப்பிட்டார்கள். பொன்னுத்தாயின் பூண்டுக் காட்டை உழுததும் அவள்தான்.

அப்புறம் இந்த இழுவைப் போட்டி என்ற அசிங்கம் மலையேறி வந்தது. இரண்டு டிராக்டர்களை முதுகோடு முதுகாகச் சங்கிலியால் கட்டி, எது எதை இழுக்கிறது என்று பார்ப்பார்கள். கரும்புகை, சேறு, சாராய நாற்றம். இழுக்கும்போது முன்சக்கரம் மேலே தூக்கும் என்று பானெட்டின் மேல் ஆட்களை உட்கார வைப்பார்கள். என் மகன் கந்தவேல் அதில் பைத்தியமாகி, போட்டியை நடத்துகிறவனாகவே ஆகிப் போனான். ஈரம் காய்வதற்குள் உழ வேண்டிய நிலம் காத்துக் கிடக்கும். வண்டி திருவிழா மைதானத்தில் உறுமிக்கொண்டு நிற்கும்.

முதலில் கூட்டம் மரத்திலெல்லாம் தொற்றிக்கொண்டு நின்றது. கொடைக்கானலுக்கு வந்த சுற்றுலாக்காரர்கள்கூட வேன் பிடித்து வந்தார்கள். போன வருடம் சங்கிலி அறுந்து, பானெட்டில் இருந்த செல்லப்பாண்டி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இன்னும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறான். அதற்காகவாவது நிறுத்தினார்களா? இல்லை. கூட்டம்தான் தானாகக் குறைந்தது. வடக்கே இதைவிடப் பெரிய வண்டிகள் இழுப்பதைப் போனில் பார்த்துவிட்ட பையன்களுக்கு நம்முடையது சலித்துப் போயிற்று. டீ விற்க வந்த முகைதீன் அண்டாவைத் திரும்பத் தூக்கும்போது சொன்னார்: "எழவு வீட்டுலகூட இதவிட நாலு பேரு கூட நிப்பாங்க, கந்தவேலு."

அந்தச் சொல் அவனைக் குடைந்தது. இந்த வருடம் பழைய வண்டிக் கண்காட்சி என்று பேரை மாற்றி, கூட்டம் சேர்க்க ஒரு வழியும் கண்டுபிடித்தான். பானெட்டில் பெண்டாட்டியை உட்கார வைப்பதாம். பட்டுச்சேலை, மாலையோடு. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பஸ் நிற்கும் இடத்தில் பிளக்ஸ் தொங்கியது. எனக்கு எழுத்துத் தெரியாது. கல்யாணப் போட்டோவில் இருந்து வெட்டி எடுத்த அவள் முகம் தெரியாதா? கீழே நின்று பயல்கள் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

போட்டியன்று வெள்ளனே அவன் பட்டுச்சேலையை எடுத்து அவள் முன்னால் போட்டான்.

"சும்மா ஒக்காந்திருந்தாப் போதும். ஓன் அப்பன் குடுத்த வண்டிதானே."

"நான் ஓட்டுற வண்டியில என்னையவே மூட்டையாட்டம் வைக்கிறீங்களா?" என்றாள். குரல் உயரவில்லை.

"ஊரே பாக்க வருது. மானத்த வாங்காதே."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏலே, செல்லப்பாண்டி கெடந்த கெடையப் பாத்துமா இப்படிக் கேக்குற? ஓன் சோலிக்கு நீயே ஏறி ஒக்காரு" என்றேன். அவன் என்னை முறைத்துவிட்டு, பத்து மணிக்கு அவள் மைதானத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

அவள் அழவில்லை. பஸ் நிற்கும் இடத்துக்குப் போய், ஆட்கள் பார்க்கவே பிளக்ஸை அறுத்துச் சுருட்டிக்கொண்டு வந்தாள். வானம் இருட்டிக்கொண்டிருந்தது. முற்றத்தில் குவித்திருந்த விதைப்பூண்டின் மேல் அதை விரித்தாள், முகம் கீழே போகும்படி. நான்கு மூலையிலும் கல் வைத்தாள்.

"மழை வந்தாலும் நனையாது அத்தை" என்றாள்.

பட்டுச்சேலை தரையிலேயே கிடந்தது. மாற்றுச்சேலையும் லைசென்சும் மட்டும் பையில் இருந்தன. வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வெரசாப் போத்தா, பஸ்ஸு வந்துரும்" என்றேன்.

போனாள்.