மூன்றாம் மாடியின் தாங்கும் சுவர்

அவரை எல்லோரும் பார்ட்டிஷன் அண்ணன் என்பார்கள். வாடகைக்கு வருகிற கடைக்கும் அலுவலகத்துக்கும் உள்ளே தடுப்பு, பொய்க்கூரை, கதவு எல்லாம் அமைத்துக் கொடுப்பது அவர் தொழில். அவர்கள் காலி செய்யும்போது அதையே பிடுங்கி எறிவதும் அவர் தொழில்தான். ஏனென்றால் வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு: போகிறவர், இடத்தை முதலில் இருந்தபடியே ஒப்படைக்க வேண்டும். அந்த ஒரு வரியின் புண்ணியத்தில் இருபத்திரண்டு வருடமாக அவருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. கட்டியது இது என்று கைகாட்டத்தான் எதுவுமில்லை.

ஒன்றைத் தவிர. ஓர் ஐந்து மாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், நட்டநடுவே நிற்கும் சுவர். அவர் தனியாக எடுத்துச் செய்த முதல் வேலை. அப்போது அங்கே டிரம்ஸ் வகுப்பு வந்தது. சத்தம் பக்கத்து அறைக்குப் போகக் கூடாது என்றார் மாஸ்டர். இரண்டு ஜிப்சம் பலகைகளுக்கு நடுவில் பஞ்சு வைப்பதுதான் முறை. வயசுக் கோளாறு, அண்ணன் மணலைக் கொட்டி நிரப்பிவிட்டார். மேலே பூச்சு, அதன்மேல் பெயின்ட். மாஸ்டர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டதால் பிரிக்கச் சொல்ல ஆளில்லை. பிறகு வந்த கட்டட இன்ஜினியர் சுவரைத் தட்டிப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது. வரைபடத்தில் தடித்த கோடு ஒன்றைப் போட்டு, ‘தாங்கும் சுவர், தொடக் கூடாது’ என்று எழுதிவைத்தார்.

அதன் பிறகு ஐந்து பேர் குடிவந்து போனார்கள். ஐந்து பேருக்கும் அண்ணன்தான் கட்டினார், இடித்தார். அந்தச் சுவரை மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு வருவார். “இன்னும் நிக்குதா?” என்று கேட்பார் மனைவி, தூரத்து உறவில் ஒரு பெரியவரை விசாரிப்பதுபோல. நிற்கிறது என்பார் இவர்.

இந்த நிம்மதிக்குள் மனைவியின் தங்கை வந்து நுழைந்தாள். பிசியோதெரபி படித்தவள். எட்டு வருடம் யாரோ ஒருவருடைய கிளினிக்கில் அடுத்தவர் முதுகைப் பிடித்துவிட்டு, இனித் தனியாக நடத்தலாம் என்று அந்த மூன்றாம் மாடியை எடுத்தாள். சக்கர நாற்காலி முழுவட்டம் திரும்ப இடமிருந்தால்தான் அனுமதி தருவோம் என்றார்கள் ஆய்வுக்கு வந்தவர்கள். நாற்காலி அரைவட்டம் திரும்பியது. மீதி அரைவட்டத்தில் சுவர் நின்றது. விட்டுவந்த இடத்திலோ அவள் மேசையில் வேறொருத்தி உட்கார்ந்தாயிற்று.

விஷயத்தைக் கேட்ட அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தார்.

“அந்தச் சுவருக்குள்ள என்ன இருக்குன்னு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

அண்ணன் இன்னும் இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவதைத் தட்டிலேயே வைத்துவிட்டுக் கை கழுவ எழுந்தார்.

மறுநாள் காலை மச்சினிச்சியை அழைத்துக்கொண்டு இன்ஜினியரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். தட்டிப் பார்த்த அதே இன்ஜினியர்தான். தலைமுடி மட்டும் ஓய்வு பெற்றிருந்தது. அவர் நம்பவில்லை. அதை எடுத்தால் மேலே உள்ள இரண்டு மாடியும் இறங்கி வந்து உட்காரும் என்றார். சொந்தக்காரப் பெண்ணுக்காக இப்படி ஒரு கதையா என்றும் கேட்டார். கடைசியில் அவர்களோடு மூன்றாம் மாடிக்கே வந்து, சுவரை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சொன்னார்:

“தப்பா எடுத்துக்காதீங்க அண்ணே. இது உங்க கையால வர்ற வேலை இல்ல. அந்தக் காலத்து ஆளுங்க கட்டினது.”

தொழிலுக்கு வந்த நாள் முதல் அண்ணனுக்கு இப்படி ஒரு பாராட்டுக் கிடைத்ததில்லை. அது தனக்குத்தான் என்று நிரூபிக்க வேண்டுமானால் சுவரை உடைக்க வேண்டும். உடைக்காவிட்டால் பாராட்டு அந்தக் காலத்து ஆளுங்களுக்குப் போய்விடும். அவர் மச்சினிச்சியைப் பார்த்தார். அவள் காலியான சக்கர நாற்காலியை அரைவட்டம் திருப்பி, முட்டி, பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தாள்.

டிரில்லை எடுத்தார். தரையை ஒட்டிக் கையகலத்துக்கு ஓட்டை போட்டார். மணல் வந்தது. இன்ஜினியரின் ஷூவை மூடி, பேன்ட் மடிப்பில் ஏறி, தன்பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. ஏழெட்டு நிமிடம் கழித்துத்தான் நின்றது. இன்ஜினியர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். அது இருந்த இடத்திலேயே இருந்தது. வரைபடத்தை விரித்து, தான் போட்ட கோட்டைத் தானே அடித்தார்.

“வேற எங்கயாவது இப்படிக் கட்டி வச்சிருக்கீங்களா?”

“இல்லைங்க. இது ஒண்ணுதான்” என்றார் அண்ணன், ஒரே பிள்ளையைப் பற்றிச் சொல்கிற குரலில்.

பதினோராம் நாள் கிளினிக் திறந்தது. நாற்காலி முழுவட்டம் அடித்தது. முதல் நோயாளி அண்ணன்தான். மணலை அள்ளி இறக்கியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. சுவர் நின்ற இடத்திலேயே கட்டில் போட்டிருந்தார்கள். மேலே கூரையில், சுவர் முட்டியிருந்த தடம் புது பெயின்ட்டையும் மீறி மெல்லிய கோடாகத் தெரிந்தது.

“நேரா படுங்க, அத்தான்.”

“அந்தக் கோட்டைப் பார்த்துத்தானே படுத்திருக்கேன்.”

அவள் ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள்.

“கோடே கோணல், அத்தான்” என்று சொல்லிவிட்டு இடுப்பை அமுக்கினாள்.