ஆட்டுக்குட்டி இறங்கியதா, இல்லையா?

போன மாதம் ஒரு வாட்ஸப் குழுவில் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டேன்.

ஆசிரியர் பயிற்சி மாணவர்களின் வாசிப்புக் குழு அது. நான் எழுதும் இந்தப் பத்தியைப் படிக்கும் விரிவுரையாளர் ஒருவர், “நீங்க எழுத்தாளர், குழுவுல சும்மா இருந்தாலே போதும் சார்” என்று என்னையும் சேர்த்திருந்தார். பாடப்புத்தகம் தாண்டிக் குழந்தைகள் புத்தகம் எதுவும் தெரியாமல் ஒருவர் வகுப்புக்குள் போகக் கூடாது என்பது அவர் ஆசை. வாரம் ஒரு புத்தகம். எல்லோரும் படித்துவிட்டுக் கருத்து எழுத வேண்டும்.

அந்த வாரம், பஸ் டிக்கெட்டைத் தின்றுவிட்ட ஓர் ஆட்டுக்குட்டியின் கதை. அட்டைப்படம் வந்தது. இதயங்கள் வந்தன. அப்புறம் வரிசையாக... ‘நீதி: பிறர் பொருளை எடுக்கக் கூடாது.’ ‘நீதி: பொது இடத்தில் ஒழுக்கம் தேவை.’

நான் கேட்டேன் — “சரி, கடைசியில் ஆட்டுக்குட்டி பஸ்ஸை விட்டு இறங்கியதா, இல்லையா?”

எல்லோரும் பார்த்துவிட்டதாக நீல டிக் மட்டும் விழுந்தது.

சாயங்காலம் தனியாக ஒரு குரல் பதிவு வந்தது. “சார், நான் வினோதினி, கனகசெட்டிக்குளம். யாருமே படிக்கல சார். நானும்தான்! அட்டையப் பாத்து நீதி எழுதிடுவோம். நீங்க கேட்டப்பறம் பஸ்ல உக்காந்து படிச்சேன். அது இறங்கவே இல்ல சார். கண்டக்டர் மடியிலயே தூங்கிடுச்சு.”

அடுத்த பதிவில் சிரிப்பு இல்லை. “எனக்கு டீச்சிங் பிராக்டிஸ் வருது சார், மூணாங்கிளாஸ். போன தடவை கதை சொன்னேன். பசங்க வரிசையா ஒண்ணுக்குப் போவணும்னு எழுந்துட்டாங்க. இந்த வாட்டியும் அப்படின்னா, படிப்ப விட்டுட்டு அம்மாகூட மீன் மார்க்கெட்டுக்கே போயிடுவேன்.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று குரலே சொன்னது.

நான் ஏழாவதோடு நின்றவன். ஓட்டலில் மேஜை துடைத்திருக்கிறேன், லாரியில் கிளீனராகப் போயிருக்கிறேன். எந்த ஊரிலும் எனக்குக் கதை படித்துக் காட்ட ஆள் இருந்ததில்லை. குறையாகச் சொல்லவில்லை. இல்லை, அவ்வளவுதான். அதனால் மூன்றாம் வகுப்புக்கு நான் பொருத்தமான ஆள் என்று தோன்றியது. “எனக்குப் படிச்சுக் காட்டும்மா, போரடிச்சா சொல்றேன்” என்றேன்.

அன்றிலிருந்து தினமும் ஒரு கதை வந்தது. ரெட்டியார்பாளையத்து மாடியறையில் சோறு வேகும் நேரத்தில், போனைப் பாத்திரத்தின் மேல் சாய்த்து வைத்துக் கேட்பேன். அதற்கு முன் அந்த அறையில் குக்கரைத் தவிர வேறு யாரும் பேசியதில்லை.

“இந்த இடத்துல நான் டீ குடிக்க எழுந்து போயிட்டேன்ம்மா.”

“அய்யய்யோ, அவ்ளோ மொக்கையா ண்ணா?” — சார் எப்போது ண்ணா ஆனது என்று தெரியவில்லை.

“ராஜா பேரச் சொல்லி முடிக்கறதுக்குள்ள எனக்குப் பசிச்சிடுச்சு.”

“சரி, ராஜாவக் கழட்டி விட்டுடறேன்.”

குழுவிலும் ஏதோ மாறியது. ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று அவள் எல்லோரையும் கேட்க ஆரம்பித்தாள். கேட்டால் படித்துத்தானே ஆக வேண்டும்? ஒருநாள் ஒரு பையன், “முடிவச் சொல்லாதீங்கப்பா, நான் இன்னும் பாதியிலதான் இருக்கேன்” என்று சண்டைக்கே வந்துவிட்டான். விரிவுரையாளருக்கு வாய் கொள்ளாத சிரிப்பு.

பிராக்டிஸ் நாளில் அவள் எடுத்துக்கொண்டு போனது ஆட்டுக்குட்டியைத்தான். நான் வேலை எதுவும் ஓடாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் வந்தது பதிவு, மூச்சிரைக்க...

“ண்ணா! ஒருத்தன்கூட ஒண்ணுக்குக் கேக்கல ண்ணா! மார்க் போட வந்த மேடம் பின்னாடி பெஞ்ச்ல உக்காந்துட்டு, ‘நீதி சொல்லலியேம்மா’ன்னாங்க. அதுக்குள்ள ஒரு பொண்ணு, ‘டீச்சர், காலையில அது எங்க எழுந்திரிக்கும்?’னு கேட்டுச்சு. மேடமும் என்னையே பாக்கறாங்க... பதிலுக்கு!”

பின்னால் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. “டீச்சர், இன்னொரு வாட்டி!” அதோடு பதிவு முடிந்தது.

அதன் பிறகு அவளிடமிருந்து எதுவும் வரவில்லை. கோபம் எல்லாம் இல்லை. கேட்பதற்கு ஒரு வகுப்பே கிடைத்துவிட்ட பிறகு, மாடியறைக்காரனுக்கு எதற்கு அனுப்ப வேண்டும்? நாங்கள் இரண்டு பேரும் வேண்டியது இதைத்தானே?

நேற்று நூலகத்தில் ஒரு படப் புத்தகம் எடுத்து வந்து, நானே சத்தம் போட்டுப் படித்துப் பார்த்தேன். நல்ல கதைதான். இரண்டாம் பக்கத்திலேயே மூடி வைத்துவிட்டேன்.

கதை என்றால் குறைந்தது இரண்டு பேராவது வேண்டியிருக்கிறது.