பகலில் வரும் முனி

குடவாசல் பக்கம் எங்கள் ஊருக்கு வந்து பாருங்கள். நெல் அரவை மில் என்னுடையது. வாசலில் நிற்கிற அறுவடை மிஷினும் என்னுடையது. மாடி வீடு, போர்செட்டு, ஆற்றில் தண்ணீர் வராத வருஷத்திலும் பச்சையாகக் கிடக்கிற வயல், எல்லாம் மூன்றாம் வகுப்போடு நின்றவன் உண்டாக்கியது. தங்கையைத் தலைமையாசிரியை ஆக்கியதும் நான்தான். அதை அவளே மேடையேறிச் சொல்லியிருக்கிறாள். ஒரே தடவைதான் சொன்னாள், அது வேறு விஷயம்.

இப்படிப்பட்டவனைப் பார்த்துப் பேத்தி கேட்கிறாள்: "தாத்தா, சின்னப் புள்ளையில நீங்க எதுக்கு பயப்படுவீங்க?" அவளுக்குப் பயம் செல்போனில் வருகிற ஒரு பொம்மைப் பேய். விளக்கை அணைத்தால் வருமாம்.

எனக்கு இருந்தது ஒரே பயம், முனி. மற்ற ஊர்களில் பேய் பிசாசு இருட்டில் வரும். எங்கள் முனி பகலில்தான் வரும். பண்ணைக்காரர்கள் இருந்த பெரிய தெருவின் முனையில், புளியமரத்தில் இருந்தது. அதற்கு ஆகாத சங்கதிகளை எங்கள் தெருப் பிள்ளைகள் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்போம். செருப்புப் போட்டு நடந்தால் பிடிக்கும். தோளில் துண்டு கிடந்தால் பிடிக்கும். சத்தமாகச் சிரித்தால் பிடிக்கும். சைக்கிளில் ஏறிப் போனால் கட்டாயம் பிடிக்கும், இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் விட்டுவிடும். எல்லாம் அம்மா சொல்லித் தந்தது.

ஒரு நாள், கைப்பிள்ளையாக இருந்த தங்கைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. அப்பா வயலில். அம்மா என்னைக் கடைத்தெருக் கம்பவுண்டரிடம் விரட்டினாள். "வாய்க்கா கரையோடயே போ, அதோடயே வா. பெரிய தெரு பக்கம் தல வச்சிக்கூட படுக்காத."

கரை வழி ரொம்பச் சுற்று. மருந்தை வாங்கிக்கொண்டு மூச்சிரைக்க நின்றபோது, மளிகைக்கடை பாயின் மகன், என் கூட்டாளி, அவன் அப்பாவின் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான்.

"இத எடுத்துட்டு பெரிய தெரு வழியா போடா. சுத்திக்கிட்டு எப்ப போய்ச் சேருவ?"

"முனி புடிச்சிக்கும்டா."

"எங்க அத்தா தெனம் ஏறித்தான் போறாங்க. ஒரு முனியும் கேட்டதில்ல."

"உங்களுக்கு ஜின்னுடா. எங்க முனி உங்கள தொடாது."

அவன் யோசித்தான். "அப்ப என் தொப்பிய போட்டுட்டுப் போ. எங்க ஆளுன்னு நெனச்சிக்கும்."

தொப்பியோடு குரங்குப் பெடல் போட்டேன். புளியமரத்தை நெருங்கும்போது காற்றில் தொப்பி பறந்துவிட்டது. முனி வரவில்லை. பண்ணை வீட்டுத் திண்ணையில் யாரோ ஒரு ஐயா சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"எறங்குடா! எவன் மவன்டா நீ?"

முனியாக இல்லாத எதுவும் அப்போது எனக்குப் பொருட்டில்லை. அப்பா பெயரைக் கணீரென்று சொன்னேன். "பின்னால முனி வருதான்னு பாத்துக்கங்கய்யா!" என்று கத்திவிட்டு மிதித்தேன்.

மருந்து உள்ளே போய்ச் சற்று நேரத்தில் தங்கைக்கு வலிப்பு நின்றது. "முனியே இல்லம்மா! ஏறியே வந்தேன்!" என்றேன். அம்மா முகம் வெளுத்தது.

"யாராச்சும் பாத்தாங்களா?"

"ஒரு ஐயா. அப்பா பேரு கேட்டாரு, சொன்னேன்."

அடிக்க ஓங்கிய கை என் தலையில் வந்து இறங்கி, அங்கேயே இருந்தது.

சாயங்காலம் அப்பாவுக்கு ஆள் வந்தது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தவர் குப்புறத்தான் படுத்தார். அம்மா தவிட்டை வறுத்து முதுகில் ஒத்தடம் கொடுத்தாள்.

"அப்பாவ யாரும்மா அடிச்சா?"

"முனி."

"நாந்தான ஏறி வந்தேன்?"

அப்பா திரும்பாமலே சொன்னார்: "அதுக்கு ஒன் முதுகு பத்தாதுடா." சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மறுநாள் தெருப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து அளந்தேன்: முனிக்கு வயதாகிவிட்டது, கண் தெரியவில்லை, ஆள் மாற்றிப் பிடிக்கிறது. முனிக்கு ஆகாததெல்லாம் யாருக்கு ஆகாதது என்று தெரிய எனக்கு மீசை முளைக்க வேண்டியிருந்தது. பெற்ற பிள்ளையிடம் போய் மனுஷனுக்குப் பயப்படு என்று சொல்ல அம்மாவுக்கு மனசு வரவில்லை.

இப்போது பெரிய தெருவுக்குத் தார் ரோடு வந்துவிட்டது. முனையில் கல் நட்டு, ரோடு போட்டவர்கள் பெயரை வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். எங்கள் தெருவிலிருந்து அந்த வழியில் முதன்முதலில் சைக்கிளில் ஏறிப் போனவன் நான். அதையும் அந்தக் கல்லில் வெட்ட வேண்டும். வெட்டுக்கூலி என் பொறுப்பு. கீழே என் பெயர். மேலே அப்பா பெயர், அன்றைக்கு நான் சொன்ன மாதிரியே, தெருக்கோடிவரை தெரிகிற எழுத்தில்.